தாம்பூலத்தில் போன தேன்கூட்டுக் காசு

அல் குசைஸில் ஆறாவது மாடியில் குடியிருக்கும் சிவசங்கரனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான். வீடு, வாசல், பதவி என்று ஆசைப்பட அவர் அவ்வளவு சின்ன மனிதர் அல்ல. இங்கிலாந்தில் அச்சாகப் போகும் ஒரு தடிப் புத்தகத்தில், ஏதோ ஒரு பக்கத்தின் அடியில், கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரிகிற எழுத்தில், 'சிவசங்கரன், துபாய்' என்று ஓர் அடிக்குறிப்பு வர வேண்டும். அவ்வளவுதான். அதற்காக மூன்று வருஷமாகத் தூக்கத்தைக் குறைத்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். இருநூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்து ராஜாவுக்கு எத்தனையோ வேலை. ஊர் ஊராகப் பிடிக்க வேண்டும், சண்டை போட வேண்டும். சில்லறை அடிக்க மட்டும் நேரம் வாய்க்கவில்லை. கடைக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாங்களே செம்பில் காசு அடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் ஒரு படம், மறு பக்கம் கடைக்காரர் பெயர், விளிம்பைச் சுற்றி 'இது இன்ன ஊரில் இன்னார் கடையில் செல்லும்' என்று ஒரு வாக்குறுதி. வியாபாரி டோக்கன் என்று பெயர். கடைக்காரர்கள் போனார்கள், கடைகள் போயின, சாமான் வாங்கியவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். போக்கிடம் இல்லாத அந்தக் காசுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு மட்டும் கடல் தாண்டி வந்து சிவசங்கரனின் தேக்கு அலமாரியில் அடைக்கலம் புகுந்தன.

அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்க்கிறவர். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை ஊரிலுள்ளவர்களிடம் 'தர முடியாது' என்று சொல்கிற வேலை. மாலையில் வந்து, ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, செத்துப்போன மளிகைக்காரர்களைத் தாலாட்டுவார். அந்தக் கையுறையைக் கழற்றாமலே நளினி கொடுத்த காப்பியை வாங்கி, கறை பட்டுவிட்டது என்று அவளையே கோபித்துக்கொள்வார்.

இருநூற்றுப் பன்னிரண்டில் அவருடைய செல்லப்பிள்ளை ஒன்று. பெல்ஹாம் என்ற தேயிலை வியாபாரியின் அரைப் பென்னிக் காசு. ஒரு பக்கம் தேன்கூடு, அதைச் சுற்றி ஏழு தேனீ. விளிம்பில் மட்டும் அச்சடித்தவன் தூக்கக் கலக்கத்தில் வேறு ஏதோ ஊரின் பெயரைப் போட்டுவிட்டான். அன்றைக்கு அது தப்பு. இன்றைக்கு அபூர்வம். அப்படி உலகத்தில் மூன்றே காசு இருக்கிறதாம், மூன்றில் ஒன்று அல் குசைஸில்.

புத்தகம் எழுதுகிறவர் ஹார்கிரீவ் என்று எண்பது வயதுப் பெரியவர். போட்டோவை நம்பாதவர். 'என் கண்ணால் விளிம்பைப் படிக்காமல் எவர் பெயரும் என் புத்தகத்தில் ஏறாது' என்று எழுதிவிட்டார். அவர் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போகிற வழியில் துபாயில் சனிக்கிழமை நாலு மணி நேரம் இறங்குவதாகக் கடிதம் வந்தது. சிவசங்கரன் அதை அச்செடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனார். அன்று இரண்டு கிளெய்முக்குப் பணம் கொடுத்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரம் பார்த்து மூன்றாவது மாடியில் யாருடைய செருப்போ காணாமல் போனது. சிவசங்கரன் உஷாராகிவிட்டார். திருடன் வந்தால் தேக்கு அலமாரியைத்தானே உடைப்பான்? தேன்கூட்டுக் காசை எடுத்து, தேய்ந்துபோன உதிரிக் காசுகளைப் போட்டு வைத்திருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டார். பிஸ்கட் டப்பாவைத் திருடன் தொடமாட்டான் என்பது இருபது வருஷ இன்சூரன்ஸ் அனுபவம் சொன்ன யோசனை. யோசனை பழுதில்லை. திருடன் தொடவேயில்லை.

புதன்கிழமை மாலை டப்பாவைத் திறந்தார். அடியில் கொஞ்சம் பிஸ்கட் தூள் இருந்தது.

"நளினி! இந்த டப்பால இருந்ததெல்லாம் எங்க?"

நளினி கொலுப் படிகளுக்கு முன்னால் உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "எது, அந்தச் செப்புக் காசா? ஞாயித்துக்கிழமை தாம்பூலத்துல வச்சுக் குடுத்துட்டேன்."

"வச்சுக் குடுத்துட்டியா?"

"ஒம்போது பேர் வந்தாங்க, ஒம்போது காசு. கரெக்டா இருந்தது." சொல்லும்போது அவளுக்கே அதில் ஒரு திருப்தி. "வீட்டுல ஒத்தைச் சில்லறை உண்டா சொல்லுங்க? டாக்ஸிக்குக் கார்டு, கிராசரிக்குக் கார்டு, மாவு பாக்கெட்டுக்குக் கார்டு. வெத்தலை பாக்கு மஞ்சள் எல்லாம் வச்சுட்டு, தட்சிணைக்குக் கார்டையா தேய்க்க முடியும்? செம்பு வேற. எல்லாரும் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க."

"அது என் கலெக்‌ஷன்!"

"நீங்கதானே ஆடி மாசம் சொன்னீங்க? 'அந்த டப்பால இருக்கறது தேஞ்சுபோன குப்பை, வேணும்னா எடுத்துக்கோ'ன்னு. எடுத்துக்கிட்டேன்."

சிவசங்கரன் தரையில் உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை, ஹார்கிரீவ், விளிம்பு, அடிக்குறிப்பு என்று அவர் சொல்லி முடிக்கும்வரை நளினி துருவுவதை நிறுத்தவில்லை. முடிந்ததும் நிறுத்தினாள்.

"சரி, ஒம்போது பேருக்கும் போன் போடு. தவறிப்போய் வச்சுட்டேன், திருப்பித் தாங்கன்னு கேளு," என்றார் அவர்.

"என்னது?" நளினி நிமிர்ந்தாள். "தாம்பூலத்துல வச்சுக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? நல்ல நாள்ல, சுமங்கலிங்ககிட்ட? உங்க இங்கிலீஷ்காரருக்காக நான் ஒம்போது வீட்டு வாயில விழணுமா? செத்தாலும் கேக்க மாட்டேன்."

"அப்ப என் மூணு வருஷம்?"

"என் பதினாலு வருஷக் கொலுவைப் பொம்மைக் கடைன்னீங்களே போன வாரம், அப்ப எங்க போச்சு இந்த மூணு வருஷம்?"

அவர் காலி டப்பாவை மூடினார். ஆனால் நளினிக்கு மனசு கேட்காது, அவள் சுபாவம் அப்படி. சிறிது நேரம் கழித்து அவளே ஒரு வழி சொன்னாள். கேட்கத்தான் கூடாது, கொடுத்தால் வாங்கலாம். ஒன்பது பேரும் பதிலுக்குத் தங்கள் வீட்டுக் கொலுவுக்கு அழைத்திருக்கிறார்கள். சில்லறைப் பஞ்சம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். நளினி கொடுத்த காசையே அவர்கள் அடுத்தவர் பையில் வைத்துக்கொண்டிருப்பார்கள். போய்ப் போய்த் தாம்பூலம் வாங்கினால் ஏதாவது ஒரு பையில் தேன்கூடு வராமலா போகும்?

அப்படித்தான், பதினாலு வருஷமாகக் கொலு வீடு என்றால் தலைவலி வந்துவிடும் சிவசங்கரன், புதன் ஒன்று, வியாழன் மூன்று என்று நான்கு வீட்டுக்கு வண்டி ஓட்டினார். அல் குசைஸில் மாலை ஏழு மணிக்குப் பார்க்கிங் கிடைப்பது அந்தத் தேன்கூட்டுக் காசைவிட அபூர்வம். பெண்கள் பட்டுப் புடவையில் மேலே போக, கணவன்மார் கீழே எஞ்சினை அணைக்காமல் ஏசி போட்டுக்கொண்டு வண்டிக்குள் தவம் இருப்பார்கள். வியாழக்கிழமை பக்கத்து வண்டியில் இருந்தவர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் கௌரிசங்கர். கண்ணாடியை இறக்கினார்.

"சார், எத்தனாவது வீடு?"

"மூணாவது."

"எனக்கு அஞ்சு. இன்னும் ஒரு சுண்டலும் கீழ வரலை." கௌரிசங்கர் பெருமூச்சு விட்டார். "நீங்க இதுக்கெல்லாம் வரமாட்டீங்களே? டோக்கன்னு என்னமோ வச்சிருப்பீங்களே."

"ஒரு சேஞ்சுக்கு."

"நல்லது சார். மனுஷன் நாலு இடம் போகணும்."

நளினி இறங்கி வந்ததும் சிவசங்கரன் பையைப் பிடுங்கினார். உள்விளக்கைப் போட்டுக்கொண்டு, தேங்காயை மடியில் போட்டு, வெற்றிலையை டாஷ்போர்டில் வைத்து, மஞ்சள் பாக்கெட்டை வாயில் கவ்விக்கொண்டு அடி வரை துழாவினார். காசு இருந்தது. தேய்ந்துபோன ஆணி வியாபாரியின் காசு. அவரே 'குப்பை' என்று சான்றிதழ் கொடுத்தது.

நான்கு வீட்டில் மூன்று காசு திரும்பி வந்தன. மூன்றும் குப்பை. நான்காவது பையில் காசுக்குப் பதில் ஒரு மிட்டாய். ஒரு பையில் கிளிப்பச்சை ரவிக்கைத் துணி ஒன்றும் வந்தது. அது வளைகுடாவில் எட்டு நவராத்திரியாகத் தையற்காரர் கடையைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நளினி அடையாளம் சொன்னாள். காசு கைமாறுவது எப்படி என்று ஆபீஸ் கூட்டத்தில் நாற்பது ஸ்லைடு போட்டு விளக்கியவர் சிவசங்கரன். நாற்பதையும் ஒன்பது பெண்கள் இரண்டே நாளில் நடத்திக் காட்டிவிட்டார்கள். தேங்காய் நாரைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டிருந்த அவருக்கு இது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. அபுதாபி முசஃபாவிலிருந்து ஷ்ருதி. நளினியின் பழைய பக்கத்து வீட்டுப் பெண். அவள் கணவன் பாலமுரளி அங்கே ஓர் எஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமை அத்தனை தூரம் வந்து கொலு பார்த்துவிட்டுப் போனவள்.

"அக்கா, இன்னிக்கு எங்க கொலுவுக்குக் கட்டாயம் வரணும். அப்புறம், அந்தக் காசு எங்க வாங்கினீங்க? தேன்கூடு போட்டு, குட்டிக் குட்டித் தேனீயா, அவ்வளவு அழகு!"

நளினி போனை ஸ்பீக்கரில் போட்டாள். சிவசங்கரன் காப்பி டம்ளரோடு எழுந்து நின்றார்.

"வச்சிருக்கியாம்மா?" நளினியின் குரலில் ஒரு படபடப்பும் இல்லை. இவள் அரசியலுக்குப் போயிருக்கலாம்.

"இல்லக்கா, திங்கக்கிழமையே வச்சுக் குடுத்துட்டேன். இவரோட ஒர்க்‌ஷாப்ல டர்னர், கார்மேகம்னு. அவரு வைஃப் சங்கீதா கைக்குழந்தையோட விசிட்ல வந்திருக்கு. பாவம், முதல் தடவை. வெறும் பையா குடுக்க மனசு வரலை."

டர்னர் என்றால் லேத் பட்டறைக்காரர். இரும்பு, செம்பு எது கையில் கிடைத்தாலும் கடைந்து, துளைத்து, திருகு போட்டுவிடுகிற ஜாதி. சிவசங்கரன் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

கார்மேகமும் சங்கீதாவும் முசஃபாவில் ஒரு வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையில் இருந்தார்கள். ஷ்ருதியே கூட்டிக்கொண்டு போனாள். சங்கீதா ஓடிவந்து, "வாங்கக்கா, வாங்க சார்" என்று இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கட்டிலில் ஏழு மாதக் குழந்தை அருள்முருகன் கையைக் காலைப் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தது. சட்டை மேலே ஏறியிருந்தது. இடுப்பில் கறுப்புக் கயிறு. கயிற்றில், தொப்புளுக்குப் பக்கத்தில், பளபளவென்று தேன்கூடு.

சிவசங்கரனின் கை பருத்திக் கையுறையைத் தேடிச் சட்டைப் பைக்குப் போனது. மூச்சு விட்டாரா என்று நளினி திரும்பிப் பார்த்தாள்.

"இது அரண்டு அரண்டு அழுவும்க்கா," சங்கீதா சொன்னாள். "ஏரோப்ளேன்ல ஏறினதுலேர்ந்து தூக்கமே இல்லை. பக்கத்து ரூம்காரங்கல்லாம் செவுத்தைத் தட்டுவாங்க. எங்க அத்தை போன்ல சொல்லுச்சு, நல்ல செப்புக் காசா இருந்தா அரணாக்கயித்துல கோத்துக் கட்டுன்னு. இங்க செப்புக் காசுக்கு எங்க போறது? மறுநாளே சாமி குடுத்த மாதிரி ஷ்ருதி அக்கா தாம்பூலத்துல வந்துச்சு. செவ்வாக்கிழமை கட்டினோம். மூணு நாளா எப்படித் தூங்குது பாருங்க."

கார்மேகம் வேலைக்காரனின் பெருமையோடு முன்னால் வந்தான். "ரெண்டு எம்எம் பிட்டுல ஓட்டை போட்டேன் சார். படத்துல படாம, மேல ஓரமா. பிசிறு புள்ளையக் குத்தும்ல, அதையும் எடுத்துட்டேன். ஒரே அழுக்கா கருப்படிச்சுக் கிடந்துச்சு, பஃப் போட்டுப் பாலீஷ் பண்ணினேன். இப்பத்தான் சார் காசு மாதிரி இருக்கு."

இருநூற்று முப்பது வருஷத்தின் நிறம். அதன்மேல் ஒரு தூசி விழாமலிருக்கத்தான் கையுறை, தேக்கு, காப்பிச் சண்டை எல்லாம். கார்மேகம் நாலு நிமிஷத்தில் துடைத்து எறிந்துவிட்டான்.

"வி... விளிம்பு?" என்றார் சிவசங்கரன்.

"ஓரத்துல என்னமோ எழுத்து இருந்துச்சு சார். எழுத்தைத் தேய்க்கலாமா, பாவம்ல? அதைத் தொடலை."

சங்கீதா அவர் முகத்தைப் பார்த்தாள். மெல்லக் கட்டிலில் உட்கார்ந்து கயிற்றின் முடிச்சில் கை வைத்தாள். "ஏன் சார், இது உங்களுக்கு வேணுமா? ஒரு மண்டலம் அவுக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லுச்சு... வேணும்னா அவுத்துர்றேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நளினி அவரைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் எதையோ கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூக்கத்தில் உதட்டைச் சப்பியது. நாள் முழுக்க 'தர முடியாது' என்று சொல்லிப் பழகிய வாய், 'தா' என்று சொல்ல வராமல் திண்டாடியது.

"வேண்டாம்மா. இருக்கட்டும்," என்றார். பிறகு, "குழந்தைதான் வேணும். நாளைக்கு ஒரு நாலு மணி நேரம்," என்றார்.

சங்கீதா குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு நளினி உட்கார்ந்து, முதலிலிருந்து விளக்கி, அந்தப் பெண்ணின் பயத்தைத் தெளிவித்து, அப்பா அம்மா இருவரும் கூடவே வரலாம் என்று சத்தியம் செய்ய அரை மணி ஆனது.

சனிக்கிழமை. பாலமுரளி வீட்டில் இரவல் வாங்கிய குழந்தை இருக்கையைப் பின்னால் பொருத்தி, முசஃபாவிலிருந்து துபாய் விமான நிலையத்துக்கு அரியவகைக் காசு ஒன்று பால் புட்டியோடு பயணம் செய்தது. பயணிகள் வெளியே வரும் இடத்திலுள்ள காப்பிக் கடையில் ஹார்கிரீவ் காத்திருந்தார். ஒல்லியான கிழவர், கழுத்தில் கயிறு கட்டிய லென்ஸ். மூன்று வருஷம் எழுதிப் பழகிய சிவசங்கரனிடம் கைகுலுக்கிவிட்டு, மேஜையைப் பார்த்தார்.

"காசு?"

சிவசங்கரன் குழந்தையின் சட்டையைத் தூக்கினார்.

பெரியவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு மெல்ல முழங்காலிட்டு, லென்ஸைக் கண்ணில் பொருத்தி, குழந்தையின் வயிற்றருகே குனிந்தார். விளிம்பைச் சுற்றிப் படிக்க வேண்டும். காசைத் திருப்பினால் கயிறு இறுக்கியது. ஆகவே குழந்தையைத் திருப்பினார்கள். லேத்தில் இரும்பைச் சுழற்றிப் பழகிய கார்மேகம் இரண்டு கையாலும் மகனைத் தாங்கி, "நிறுத்தவா? இன்னும் கொஞ்சமா?" என்று கேட்டுக் கேட்டு அங்குலம் அங்குலமாகச் சுற்றினான். பெரியவர் ஒவ்வோர் எழுத்தாக முணுமுணுத்தார். குழந்தைக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. அவருடைய காதைப் பிடித்துக்கொண்டது.

"அதே ஊர். அதே தவறு," என்றார் அவர், காதை விடுவிக்காமலே. "அற்புதம்." பிறகு லென்ஸை இறக்கிவிட்டுக் கேட்டார்: "இதைப் பாலீஷ் போட்டது யார்?"

கார்மேகத்துக்குப் பாலீஷ் என்ற சொல் புரிந்தது. பாராட்டுக்குத் தயாராகக் கையை உயர்த்தினான். கிழவர் அவனையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கொலை," என்று இங்கிலீஷில் மென்மையாகச் சொல்லி, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆனால் துளை சுத்தமான வேலை. எங்கள் ஊர்ப் பாட்டன்மாரும் இப்படிக் காசைத் துளைத்துப் பிள்ளைகள் கழுத்தில் கட்டினவர்கள்தான். இவ்வளவு நேர்த்தி வராது."

நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். சிவசங்கரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உடைமையாளர் பெயர்?"

மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்த பதில். வாயைத் திறந்தால் வந்துவிடும். சங்கீதாவுக்கோ கார்மேகத்துக்கோ கேள்வியே புரியவில்லை. கார்மேகம், "சார் பேரைக் கேக்குறாரா? சொல்லுங்க சார்," என்று உற்சாகமாகத் தூண்டிக்கூட விட்டான். நளினி குழந்தையின் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அதில் இழுத்துவிட இனி ஒன்றுமில்லை.

"கா. அருள்முருகன்," என்றார் சிவசங்கரன். "முசஃபா."

"உங்களுடையது என்றல்லவா எழுதியிருந்தீர்கள்?"

"ஞாயிற்றுக்கிழமை வரை."

பெரியவர் பேனாவை நிறுத்தினார். எப்படிக் கைமாறியது என்று கேட்டார். சிவசங்கரன் சுருக்கமாகச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார். ஆனால் கிழவரின் கண் விரிந்துவிட்டது. தாம்பூலம் என்றால் என்ன? அதில் என்னென்ன வைப்பார்கள்? திருப்பிக் கேட்டால் யாருக்குத் தீங்கு? அவருக்கு இதெல்லாம் தெரியாது, சிவசங்கரனுக்கும் தெரியாது. நளினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு இருக்கிற இங்கிலீஷ் போதும் என்பது அன்றைக்குத்தான் சிவசங்கரனுக்குத் தெரிந்தது. வெற்றிலை எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது வரை சொன்னாள். கிழவர் பக்கம் பக்கமாக எழுதினார். ஐம்பது வருஷமாகச் செத்த காசுகளையே பார்த்ததாகவும், உயிரோடு ஒன்று கை மாறிக்கொண்டிருப்பதை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னார். யாரும் பிடித்துக்கொள்ள இல்லாததால் குழந்தை சிவசங்கரன் மடிக்கு வந்து சேர்ந்தது. சற்று நேரத்தில் மடி சூடாக நனைந்தது. நல்ல பேண்ட், இதற்கென்றே இஸ்திரி போட்டது.

விமானத்துக்கு நேரமாகி அவர் கிளம்பியபோது நளினியிடம் இரண்டு முறை நன்றி சொன்னார். குழந்தையிடம் ஒரு முறை.

திரும்பும்போது பின்சீட்டில் மூன்று பேரும் தூங்கிப்போனார்கள். நெடுஞ்சாலையில் வெகுதூரம் போன பிறகு நளினிதான் கேட்டாள்.

"ஏங்க, உங்க பேரை எழுதினாரா இல்லையா?"

"எழுதினார். நோட்டை எட்டிப் பார்த்தேன்."

"அப்புறம் என்ன? எப்படி எழுதினார்?"

"உன் பேர் எட்டு இடத்துல வருது. ஷ்ருதி பேர் ரெண்டு. கடைசியில என் பேர்." அவர் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் செய்தார். "'முன்னாள் உடைமையாளர், கவனக்குறைவால் இழந்தவர்.'"

நளினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தால் பின்னால் குழந்தை எழுந்துவிடும். கொஞ்சம் அடங்கியதும் அவர் நனைந்த மடியைப் பார்த்து, இருக்கையில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"விடுங்க," என்றாள். "பொடி எழுத்துதானே? யாரும் படிக்கப் போறதில்லை."